நல்லெண்ணமும் நற்சான்றும்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நமது பிள்ளைகள் பல்கலைக்கழகங்களுக்குச் செல்கின்றனர். விஞ்ஞான முகாம் என்றும், கணினி முகாம் என்றும், விளையாட்டுப் பயிற்சி என்றும் பல்கலைக்கழக வளாகங்களிலே சிறுவர்களுக்கென நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன. பல்கலைக்கழக மாணவர்களும் ஊருக்குள் வந்து, சங்கக் கட்டிடங்களிலும் மதரஸாக்களிலும் ஏழைப் பிள்ளைகளுக்குக் கூலி வாங்காமல் பாடம் சொல்லிக் கொடுக்கின்றனர். நமது தந்தையர் காலத்தில் கனவிலும் காணாத பாக்கியம் இது. கப்பலேறி வந்து, கடைத் திண்ணையில் படுத்து எழுந்து பொருளீட்டிய அவர்கள், பல்கலைக்கழகத்தின் வாசலைக்கூட மிதித்தவர்களல்லர். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பத்து வயதிலேயே அந்த வாசலுக்குள் போய் வருகின்றனர் என்றால் அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும்.

இந்த நேரத்தில் நாம் ஆராய வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இளம் பிள்ளைகளோடு பழக வரும் ஊழியர், தொண்டர் யாராயினும், அவருடைய முன் வாழ்வை விசாரித்து, போலீஸ் பதிவிலே குற்றம் ஏதும் உண்டா என்று பார்த்த பின்னரே அவரைச் சேர்த்துக் கொள்வது என்னும் விதி உலகத்துப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் வந்துவிட்டது. நமது சங்கங்களும் அப்படிச் செய்ய வேண்டுமென்று சிலர் கூறுகின்றனர். வேறு சிலர் கேட்டு மனம் வருந்துகின்றனர். “நல்ல நிய்யத்தோடு சேவைக்கு வருகிற வாலிபனை வாசலில் நிறுத்தி, உன்மேல் வழக்கு உண்டா என்று கேட்பதா? முஃமின்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் நல்லெண்ணம் கொள்ள வேண்டும் என்பதல்லவா மார்க்கம்? இப்படிக் கேட்டால் நாளை எவன் வருவான்?” என்பது அவர்களுடைய வாதம்.

இந்த வாதத்தை நாம் அற்பமாகத் தள்ளிவிடலாகாது. திருமறையின் ஹுஜுராத் அத்தியாயம், சந்தேகங்களில் பெரும்பாலானவற்றை விட்டு விலகிக்கொள்ளும்படியும், பிறருடைய மறைவுகளைத் துருவித் துருவி ஆராய வேண்டாமென்றும் நமக்குக் கட்டளையிடுகிறது. ஆனால் அதே அத்தியாயத்திலே, அதற்குச் சில வசனங்களுக்கு முன்னால், நம்பத்தகாதவன் ஒரு செய்தியைக் கொண்டு வந்தால் தீர விசாரித்துக் கொள்ளும்படியும், அறியாமையினால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்தும் நிலைக்கு ஆளாக வேண்டாமென்றும் கட்டளை இருக்கிறது. இரண்டும் ஒரே அத்தியாயத்தில் இறங்கியவை. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றொன்றை விட்டுவிட நமக்கு அனுமதி இல்லை. எவ்விடத்தில் நல்லெண்ணம், எவ்விடத்தில் விசாரணை என்று பகுத்தறிவதே நமது பொறுப்பு.

தராசும் முத்திரையும்

நாம் கடை வைத்துப் பிழைப்பவர்கள். ஆகவே கடைத்தெரு உதாரணத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். இந்நாட்டிலே வியாபாரத்துக்கு வைத்திருக்கும் தராசை ஆண்டுக்கொரு முறை பரிசோதனைக்குக் கொடுத்து முத்திரை வாங்க வேண்டும். ஐம்பது வருஷம் பேர் பெற்ற கடையாயினும் சரி, நேற்றுத் திறந்த கடையாயினும் சரி, முத்திரை இல்லாத தராசை வைத்திருந்தால் குற்றந்தான். “என் பாட்டனார் காலந்தொட்டு நாங்கள் நாணயஸ்தர்கள். என்னையா சோதிக்கிறாய்?” என்று எந்த நல்ல வியாபாரியும் சண்டைக்குப் போவதில்லை. சோதனை தன்மேல் சுமத்திய பழி அன்று, வாங்க வருகிறவருடைய உரிமை என்பது அவருக்குத் தெரியும். இன்னும் சொன்னால், முத்திரையைக் கண்டு மகிழ்பவர் நாணயமான வியாபாரியே. முகம் சுளிப்பவன் யாரென்று கடைத்தெருவுக்குத் தெரியும்.

வேலைக்கு ஆள் எடுக்கும்போதும் நாம் அப்படித்தான் நடக்கிறோம். புதிதாக ஒரு பையன் வந்தால், எந்த ஊர், யார் மகன், இதற்கு முன்னே எங்கே நின்றாய், ஏன் விலகினாய் என்று கேட்கிறோம். முன்பு நின்ற கடைக்காரரை விசாரிக்கிறோம். வந்த அன்றே கல்லாப்பெட்டியில் உட்கார வைப்பதில்லை. அவனும் அதைக் குறையாக எண்ணுவதில்லை. காசுக்கு இத்தனை காவல் வைக்கிற நாம், பிள்ளையை ஒப்படைக்கும்போது மட்டும் ஒன்றும் கேட்காமல் ஒப்படைப்பது எந்த நியாயம்? ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நமது பழமொழி. காசு போனால் திரும்ப வரும். பிள்ளையின் மனத்தில் விழுந்த காயம் அப்படி ஆறுவதன்று.

நமது பிள்ளை மேற்படிப்புக்கோ வேலைக்கோ அந்நிய நாடு செல்ல முயலும்போது, வெளியுறவு அமைச்சு கொடுக்கும் நன்னடத்தைச் சான்றிதழை அந்நாட்டார் கேட்பதுண்டு. அப்போது நாம் வருந்துவதில்லை. விண்ணப்பம் போட்டு வாங்கி, பத்திரமாக உறையில் வைத்து அனுப்புகிறோம். பிறர் நம்மிடம் கேட்டால் நடைமுறை, நாம் பிறரிடம் கேட்டால் அவமானம் என்பது ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு வைப்பதாகும்.

முன்னோர் விசாரித்த முறை

மார்க்க விஷயத்தில் நமது இமாம்கள் காட்டிய வழி இதைவிடக் கடினமானது. நாயகம் (ஸல்) அவர்களின் ஹதீதை அறிவிக்க வந்தவர்கள் ஒவ்வொருவரையும் அவர்கள் விசாரித்தனர். இவருடைய ஞாபகசக்தி எப்படி, நாவு எப்படி, யாரிடம் கேட்டார், கேட்டதாகச் சொல்லும் ஆசிரியரை உண்மையிலேயே சந்தித்தாரா என்றெல்லாம் ஆராய்ந்து, குறையையும் நிறையையும் எழுதி வைத்தனர். ஜரஹ், தஃதீல் என்று அதற்கே ஒரு கலை உண்டாயிற்று. இமாம் அலீ இப்னுல் மதீனீ (ரஹ்) அவர்களிடம் அவர்களுடைய சொந்தத் தகப்பனாரைப் பற்றிக் கேட்டார்கள். வேறொருவரிடம் கேளுங்கள் என்றார்கள் அவர்கள். மீண்டும் கேட்டபோது தலையைக் குனிந்து, பின்னர் நிமிர்ந்து, இது தீனுடைய விஷயம், என் தகப்பனார் அறிவிப்பில் பலவீனமானவர் என்று சொல்லிவிட்டார்கள். தகப்பனார் பொய்யர் என்பது அதன் பொருளன்று. அந்தக் காரியத்துக்கு அவர் தகுதியில்லை என்பதே பொருள். இதைப் புறம்பேசுதல் என்று எவரும் சொல்லவில்லை. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் பிறர் குறையை எடுத்துச் சொல்ல அனுமதியுள்ள சந்தர்ப்பங்கள் ஆறு என்று எண்ணிக் காட்டும்போது, மக்களைத் தீங்கிலிருந்து எச்சரிப்பதையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்திருக்கின்றார்கள்.

பாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களைப் பெண் கேட்டு இருவர் வந்தபோது, அவ்வம்மையார் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். ஒருவர் கையில் பொருளில்லாதவர் என்றும், மற்றவர் தோளைவிட்டுத் தடியை இறக்காதவர் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் ஒளிக்காமல் சொன்னார்கள். ஒரு பெண்ணின் வாழ்வு அந்தப் பதிலைப் பொறுத்திருந்தது. ஆகவே அங்கே மறைப்பது பண்பாகாது என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

கேட்கப்படுவது இழிவு என்று எண்ணுவோருக்கும் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலேயே பாடம் இருக்கிறது. ரமலானின் இரவொன்றில், பள்ளிவாசலில் தங்கியிருந்த நாயகத்தைக் காண அவர்களின் துணைவியார் ஸபிய்யா (ரலி) அவர்கள் வந்து திரும்பினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் உடன் சென்று கொண்டிருக்கையில் அன்ஸாரிகள் இருவர் கடந்து போயினர். அவ்விருவரையும் நிறுத்தி, இவர் என் மனைவி ஸபிய்யா என்று நாயகம் (ஸல்) அவர்களே விளக்கம் சொன்னார்கள். அவ்விருவரும் திகைத்துப் போயினர். படைப்புகளிலே மேலானவர்கள், எவரும் கேளாமலே தம் நிலையை விளக்கினார்கள் என்றால், பிள்ளைகளின் பொறுப்பை ஏற்க வரும் நாம் கேட்டபோது விளக்குவதில் என்ன குறைவு வந்துவிடும்?

காகிதத்துக்குத் தெரியாதது

இதுவரை சொன்னதைக் கொண்டு, போலீஸ் சான்று ஒன்றை வாங்கிக் கோப்பில் போட்டுவிட்டால் நமது கடமை தீர்ந்தது என்று எவரும் எண்ணிவிடலாகாது. அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவத்தை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்நாட்டின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜெரி சாண்டஸ்கி என்பவர் பந்தாட்டத் துணைப் பயிற்சியாளராகப் பல ஆண்டுகள் இருந்தார். பேரும் புகழும் பெற்றவர். 1977-ல் ஆதரவற்ற சிறுவர்களுக்காகத் தரும ஸ்தாபனம் ஒன்றையும் ஏற்படுத்தினார். 1999-ல் பதவியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரும் வளாகத்துக்குள் தாராளமாகப் போய்வரும் உரிமை அவருக்கு இருந்தது. சிறுவர்களுக்கான பயிற்சி முகாம்களையும் நடத்தினார். தகப்பனில்லாத பிள்ளைகளுக்குத் தகப்பன் போன்றவர் என்று ஊர் மெச்சியது. அவர் அந்தப் பிள்ளைகளையே சீரழித்து வந்தார் என்பது 2011 நவம்பரில் வழக்காக வெளிவந்தது. 2012 ஜூனில், பத்துச் சிறுவர்கள் விஷயமாக 45 குற்றங்கள் அவர்மேல் ருசுவாயின. குறைந்தது 30 ஆண்டு, கூடியது 60 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது யாது? 2011-க்கு முன்னால் எவரேனும் அவரிடம் போலீஸ் சான்று கேட்டிருந்தால், களங்கமற்ற சான்றையே அவர் கொண்டு வந்து கொடுத்திருப்பார். அவர்மேல் தீர்ப்பு ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் மனிதர்களுக்குச் செய்தி தெரிந்திருந்தது. 1998-லேயே ஒரு தாய் பல்கலைக்கழகப் போலீஸாரிடம் முறையிட்டார். விசாரணை நடந்தது, வழக்கு போடாமலே முடிந்தது. 2001-ல் பயிற்சிக் குழுவைச் சேர்ந்த ஒருவர் குளியலறையில் கண்ணாலேயே கண்டு, தமக்கு மேலிருந்தவரிடம் சொன்னார். அவர் தமக்கு மேலிருந்தவர்களிடம் சொன்னார். பெரியவர்கள் கூடிப் பேசினர். இனிமேல் சிறுவர்களை வளாகத்துக்கு அழைத்து வரக்கூடாது என்று சாண்டஸ்கியிடம் சொன்னதோடு நின்றுவிட்டனர். போலீஸுக்கும் சொல்லவில்லை, குழந்தைகள் நலத்துறைக்கும் சொல்லவில்லை. அடுத்த பத்தாண்டு அந்த மனிதர் வெளியில் உலவிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெரியவர்களும் பின்னர் தப்பவில்லை. பல்கலைக்கழகத் தலைவர் 2011-ல் பதவி இழந்தார். அவரும் மேலதிகாரிகள் இருவரும் பிள்ளைகளின் பாதுகாப்பைக் கைவிட்ட குற்றத்துக்காக 2017-ல் தண்டனை பெற்றனர். பாதிக்கப்பட்டோருக்குப் பல்கலைக்கழகம் கொடுத்த நஷ்டஈடு 10 கோடி டாலருக்கும் மேலாகும். 2014-ல் அம்மாநிலத்தார் தங்கள் சட்டத்தைத் திருத்தினர். பிள்ளைகளோடு பழகும் ஊழியர் மாநிலப் போலீஸ் சான்று, குழந்தைகளுக்குத் தீங்கிழைத்தோர் பதிவேட்டுச் சான்று, கைரேகை கொண்டு மத்திய அரசாங்கம் தரும் சான்று ஆகிய மூன்றும் காட்ட வேண்டும் என்றாயிற்று. தொண்டர்களையும் அச்சட்டம் விடவில்லை. அம்மாநிலத்தில் பத்தாண்டு தொடர்ந்து குடியிருந்த தொண்டருக்குக் கைரேகை மட்டும் விலக்கு. ஐந்தாண்டுக்கொரு முறை சான்றுகளைப் புதுப்பிக்க வேண்டும்.

சட்டம் நல்ல சட்டமே. முன்பு ஓரிடத்தில் அகப்பட்டவன் அடுத்த ஊருக்குப் போய்ப் புதுமனிதனாக நிற்பதை அது தடுக்கிறது. ஆனால் ஒருமுறையும் அகப்படாதவனை அது அறியாது. முத்திரை குத்திய தராசிலேயே கட்டைவிரலை அழுத்தி நிறுக்கிறவன் உண்டல்லவா? முத்திரை தராசுக்குத்தான், விரலுக்கல்ல. விரலைப் பார்க்க, எதிரே நிற்பவருடைய கண் வேண்டும்.

ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். ஒருவர் சாட்சி சொல்ல வந்தபோது, உம்மை அறிந்த ஒருவரை அழைத்து வாரும் என்றார்கள். மற்றொருவர் எழுந்து, இவரை நான் அறிவேன், நல்லவர் என்றார். ஹழ்ரத் அவர்கள் மூன்று விஷயம் கேட்டார்கள். இவருடைய இரவும் பகலும் தெரிந்த அண்டை வீட்டுக்காரரா நீர்? பொற்காசும் வெள்ளிக்காசும் கொடுத்து வாங்கிப் பழகியிருக்கிறீரா? இவரோடு பிரயாணம் செய்திருக்கிறீரா? மூன்றுக்கும் இல்லை என்றே பதில் வந்தது. அப்படியானால் நீர் இவரை அறியமாட்டீர் என்று சொல்லிவிட்டார்கள். பள்ளிவாசலில் முன் வரிசையில் காண்கிறோம், தாடி நீளம், பேச்சு இனிமை என்பதைக் கொண்டு மட்டும் பிள்ளைகளை ஒப்படைக்கும் நமக்கு இந்த மூன்று கேள்விகள் போதும். ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுமுன் அவரோடு குடியிருந்தவர், கொடுக்கல் வாங்கல் செய்தவர், முன்பு சேர்ந்து வேலை செய்தவர் ஆகியோரை நேரில் கேட்டறிவது போலீஸ் சான்றைவிடச் சில வேளை அதிகம் சொல்லும்.

நமது நாட்டு நிலை

இவையெல்லாம் அமெரிக்கச் சங்கதி என்று தள்ளிவிடுவதற்கில்லை. பிரிட்டன் தேசத்து ரிச்சர்ட் ஹக்கிள் என்பவன் இளவயதிலேயே நமது மலேசியாவுக்கு வந்து, ஆங்கிலம் கற்பிப்பவன் என்றும் ஏழைகளுக்குத் தொண்டு செய்பவன் என்றும் பழகி, கோலாலம்பூர்ப் பக்கத்து எளிய குடும்பங்களின் குழந்தைகளைக் கெடுத்தான். 2016-ல் லண்டன் நீதிமன்றத்தில் 71 குற்றங்களை ஒப்புக்கொண்டு 22 ஆயுள் தண்டனை பெற்றான். 2019-ல் சிறையிலேயே கொல்லப்பட்டான். வெள்ளைக்காரத் துரை நம் பிள்ளைக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறாரே என்ற நன்றியே அந்த ஏழைப் பெற்றோரின் கண்ணை மறைத்தது.

மார்க்கத்தின் பெயரும் காவலாகிவிடாது. 2024 செப்டம்பரில் சிலாங்கூர், நெகிரி செம்பிலான் மாநிலங்களில் சமய வேஷத்தோடு நடந்த 20 இல்லங்களிலிருந்து 402 பிள்ளைகளைப் போலீஸார் மீட்டதை நாடே கண்டது.

நமது சட்டமும் சும்மா இருக்கவில்லை. சிறுவர்க்கெதிரான பாலியல் குற்றச் சட்டம் 2017-ல் நடைமுறைக்கு வந்தது. பிள்ளையின் நம்பிக்கைக்குரிய ஸ்தானத்தில் இருப்பவர் அக்குற்றத்தைச் செய்தால் கூடுதல் தண்டனை உண்டென்று அதில் விதித்திருக்கிறது. பெற்றோர், ஆசிரியர், விரிவுரையாளர், விடுதிக் காப்பாளர், பயிற்சியாளர் போன்றோர் அந்த ஸ்தானத்தில் வைத்து எண்ணப்பட்டிருக்கின்றனர். இத்தகைய குற்றத்தை அறிந்தும் தகவல் கொடுக்காமல் இருப்பதும் அச்சட்டப்படி குற்றமே. பிள்ளைகளுக்குத் தீங்கிழைத்துத் தண்டனை பெற்றோரின் பதிவேடு ஒன்று சமூக நலத்துறையிடம் இருக்கிறது. பிள்ளைகளோடு பழகும் வேலைக்கு ஆள் சேர்ப்பவர்கள் விண்ணப்பித்து அதில் சரிபார்த்துக் கொள்ளலாம். நமது மதரஸாக்களிலும் ஞாயிறு வகுப்புகளிலும் இதைச் செய்தவர்கள் எத்தனை பேர் என்று ஒவ்வொருவரும் தமக்குள் கேட்டுக்கொள்வது நலம்.

இன்னொன்றையும் நாம் வெளிப்படையாகப் பேச வேண்டும். காவல் என்றால் பெண் பிள்ளைகளுக்குத்தான் என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். ஆண் பிள்ளைக்கு என்ன வந்துவிடும் என்று விட்டுவிடுகின்றனர். பென்சில்வேனியாவில் கெடுக்கப்பட்ட பத்துப் பேரும் ஆண் பிள்ளைகளே.

தவ்பா செய்தவர் நிலை என்ன?

இனி மறுபக்கத்தையும் நாம் நீதியோடு பார்க்க வேண்டும். முன் வாழ்வை விசாரிப்பது என்று தொடங்கிவிட்டால், பத்தொன்பது வயதில் அறியாமல் ஒரு திருட்டில் சிக்கி, தண்டனையும் அனுபவித்து, இன்று திருந்தி வாழ்கிற மனிதனும் அதில் அகப்படுவான். அவனையும் வாசலில் நிறுத்தி விரட்டிவிடுவதா? அல்லாஹ் மன்னித்தவனை நாம் மன்னிக்கலாகாதா?

இங்கே நிதானம் வேண்டும். சிங்கப்பூரிலே சிறு குற்றத்துக்காக மூன்று மாதத்துக்கு மேற்படாத சிறை பெற்றவன், ஐந்தாண்டு வேறு குற்றமின்றி வாழ்ந்தால் அந்தப் பதிவு கழிந்துபோனதாகச் சட்டம் கருத வழியுண்டு. இது நமது தவ்பாவின் கருத்துக்கு இசைந்ததே. சிறுவயதில் கைதவறியவன், குடும்பச் சண்டையில் வழக்கானவன், கடன் தொல்லையில் நீதிமன்றம் ஏறியவன் ஆகியோரைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல லாயக்கற்றவர் என்று தள்ளுவது அநியாயம். நாம் அறிய வேண்டியது, இவரால் பிள்ளைகளுக்குத் தீங்கு வருமா என்ற ஒன்றே. அதற்கு மேலே துருவுவது ஹுஜுராத் அத்தியாயம் தடுத்த காரியமாகிவிடும்.

ஆனால் பிள்ளைகளுக்கே தீங்கு செய்து தண்டனை பெற்றவன் விஷயம் வேறு. அவனும் தவ்பா செய்யலாம், அல்லாஹ் ஏற்கலாம். அது அவனுக்கும் அவனுடைய ரப்புக்கும் உள்ள விஷயம். தொண்ணூற்றொன்பது கொலை செய்து, நூறாவதையும் செய்துவிட்டுத் தவ்பா தேடிய மனிதனின் சரித்திரத்தை நாம் ஹதீதிலே கேட்டிருக்கிறோம். உனக்குத் தவ்பா உண்டு என்று சொன்ன ஆலிம், அதோடு நிறுத்தவில்லை. உன் ஊருக்குத் திரும்பிப் போகாதே, நல்லோர் வாழும் வேறு ஊருக்குப் போ என்றும் சொன்னார். மன்னிப்பு உண்டு, ஆயினும் பழைய இடத்துக்குத் திரும்புதல் இல்லை. அல்லாஹ்வின் பாதையில் சேவை ஒன்றா இரண்டா? கஞ்சி காய்ச்சலாம், கபர்ஸ்தானைச் சுத்தம் செய்யலாம், கணக்கு எழுதலாம். பிள்ளைகள் இருக்கும் அறை ஒன்று மட்டும் அவனுக்கு வேண்டாம். உண்மையாகத் திருந்தியவன் இதைக் கேட்டு வருந்தமாட்டான். தன்னைக் காத்துக்கொள்ள வழி கிடைத்ததென்றே எண்ணுவான்.

சான்றைக் கேட்டு வாங்குகிற நமக்கும் ஒரு பெரிய அமானிதம் வந்து சேருகிறது. ஒருவருடைய முன் வாழ்வு நமது கைக்கு வந்துவிட்டால், அதைத் தேநீர்க்கடையில் அவிழ்ப்பதற்கு நமக்கு உரிமையில்லை. செயற்குழுவில் இருவர் மட்டும் பார்த்து, பூட்டி வைக்க வேண்டும். ஆதாரமில்லாமல் ஒருவர்மேல் இழிவான பழியைப் பரப்புவதை மார்க்கம் பெரும் பாவங்களில் சேர்த்திருக்கிறது. ஆகவே சந்தேகம் தோன்றினால் ஊரில் பரப்பலாகாது. மூடி மறைக்கவும் ஆகாது. அதை விசாரிக்கும் அதிகாரமுடைய போலீஸுக்கும் நலத்துறைக்கும் எடுத்துச் சொல்லிவிட வேண்டும். விசாரித்துக் குற்றமில்லை என்று அவர்கள் சொன்னால் அந்த மனிதரின் மானமும் காப்பாற்றப்படும்.

பிறர் குறையை மறைப்பவனின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்னும் கருத்துள்ள ஹதீதைச் சிலர் இங்கே எடுத்துக் காட்டுவார்கள். தனக்குத்தானே செய்துகொண்ட பிழையை மறைப்பது நல்ல குணந்தான். ஆனால் அநியாயம் செய்யப்பட்ட ஒரு பிள்ளை நடுவிலே நிற்கும்போது, மறைப்பவன் குற்றவாளியின் மானத்தைப் பிள்ளையின் விலையில் வாங்குகிறான். பென்சில்வேனியாப் பெரியவர்கள் செய்ததும் அதுவே. ஸ்தாபனத்தின் நற்பெயரைக் காக்கிறோம் என்று எண்ணினார்கள். நமது ஜமாஅத்திலும், ஊர் என்ன சொல்லும், பள்ளியின் பேர் கெட்டுவிடுமே என்ற பேச்சு எழுமானால், அப்பேச்சின் முடிவு எங்கே என்று அந்தச் சம்பவத்தைக் கொண்டே அறிந்துகொள்ளலாம்.

நாம் செய்ய வேண்டியவை

இத்தனை சொன்ன பின்னர், நடைமுறையில் செய்யத்தக்க சிலவற்றைக் கூறி முடிக்க விரும்புகிறோம்.

முதலாவது, விதி எல்லோருக்கும் ஒன்றாயிருக்க வேண்டும். பல்கலைக்கழக மாணவர், ஆலிம், செயலாளரின் மருமகன், நன்கொடை கொடுக்கும் தனவந்தர் என்ற பேதமின்றி, பிள்ளைகளோடு பழக வரும் ஒவ்வொருவரும் சான்று காட்ட வேண்டும். செயற்குழுவினரே முதலில் காட்டிவிட்டால் பிறகு வருகிற வாலிபனுக்கு அது அவமானமாகத் தோன்றாது. சிலரை மட்டும் கேட்பதுதான் சந்தேகம்.

இரண்டாவது, சான்றைப் பார்ப்பதோடு விசாரிக்கவும் வேண்டும். ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களின் மூன்று கேள்விகளை மறவாதிருப்போம். சில ஆண்டுகளுக்கொரு முறை சான்றைப் புதுப்பிக்கவும் வேண்டும். சென்ற வருஷத்து முத்திரை இவ்வருஷத்துத் தராசுக்குச் செல்லாது.

மூன்றாவது, எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனித்திருக்கலாகாது. அந்நிய ஆணும் பெண்ணும் தனித்திருப்பதை நமது மார்க்கம் விலக்கியபோது, இன்னார் கெட்டவர் என்று எவரையும் குறிக்கவில்லை. எல்லோருக்கும் பொதுவாக வேலி போட்டது. அதுபோலவே வகுப்பறையின் கதவு திறந்திருக்கட்டும். முகாமில் இரு பெரியவராவது உடனிருக்கட்டும். நல்ல ஆசிரியரை வீண் பழியிலிருந்து காப்பதும் இந்த வேலியே.

நான்காவது, பல்கலைக்கழக முகாமுக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் வெட்கப்படாமல் கேட்க வேண்டும். உங்கள் ஊழியர், தொண்டர்களின் முன் வாழ்வைப் பார்த்தீர்களா? இரவில் பிள்ளைகளோடு தங்குபவர் யார்? பிள்ளைக்குக் குறை ஏற்பட்டால் யாரிடம் சொல்வது? நாம் அதிகம் படிக்காதவர்களாயிருக்கலாம். பல்கலைக்கழகத்துப் பெரியவர்கள் முன்னே நாவு எழாமல் போகலாம். ஆனால் பிள்ளை நம்முடையது. பதில் சொல்ல அவர்கள் கடமைப்பட்டவர்கள். நல்ல ஸ்தாபனம் இக்கேள்வியைக் கேட்டு மகிழும்.

ஐந்தாவதும் முக்கியமானதும் இதுவே. பிள்ளை சொல்வதைக் கேட்க வேண்டும். அந்த வகுப்புக்குப் போகமாட்டேன், அந்த ஆளைப் பிடிக்கவில்லை என்று பிள்ளை அழுதால், சோம்பேறி என்று அடித்து அனுப்பிவிடலாகாது. உட்கார வைத்து மெதுவாகக் கேட்க வேண்டும். உஸ்தாதையோ வாத்தியாரையோ பற்றிப் பேசுவது பாவம் என்று வாயை அடைத்துவிட்டால், பிறகு அந்தப் பிள்ளை எவரிடம் போய்ச் சொல்லும்? எந்தப் பதிவேட்டிலும் ஏறாத செய்தி, பிள்ளையின் நாவில்தான் முதலில் ஏறும். பென்சில்வேனியாவில் தீர்ப்பு வந்தது அந்தப் பிள்ளைகள் வளர்ந்து நீதிமன்றத்தில் வாய் திறந்த பின்னரே.

திருவள்ளுவரும் தமது நூலில் தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். ஆராய்ந்து பார்த்த பின் நம்புவது என்பது அதன் பொருள். ஆராயும் வரையில் நம்பிக்கை காத்திருக்கட்டும். ஆராய்ந்து தெளிந்த பின்னர் அந்த வாலிபனை மனமார நம்புவோம், அவன் கையைப் பற்றி வரவேற்போம், அவனுடைய சேவைக்கு நன்றி சொல்வோம். நமது நல்லெண்ணம் அப்போதுதான் நாணயமுள்ள நல்லெண்ணமாகும்.

பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதை யாரிடம் ஒப்படைத்தாய், கேட்டு ஒப்படைத்தாயா என்று கியாம நாளில் நம்மிடம் கேட்கப்படும். அன்று தலை குனியாமல் பதில் சொல்லும் பாக்கியத்தை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! நமது பிள்ளைகளையும் அவர்களுக்குக் கற்பிக்க வரும் நல்லோரையும் காத்தருள்வானாக! ஆமீன்.